அவர் கண்டது சிவப்பு, நீங்கள் எழுதியது இரும்பு

எங்கள் பவுண்டரியில் நடந்த தீ விபத்தை விசாரித்த குழுவினருக்கும், இனி இதுபோன்ற விபத்துகளை விசாரிக்கப்போகும் அதிகாரிகளுக்கும்,

மறுவிசாரணைக்கு இடமில்லை என்ற உங்கள் பதில் போன வாரம் எங்கள் மெல்ட்டரின், அதாவது உலையில் இரும்பு உருக்கும் ஆளின், வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் காரணம் என்று இருப்பது ஒரே வரி: உருகிய இரும்பு வெளியே ஓடி வந்ததை மூன்று சாட்சிகள் நேரில் கண்டிருக்கிறார்கள். ஃபர்னஸிலிருந்து, அதாவது உலையிலிருந்து, இரும்பு கசிந்தது, அது வார்ப்பு மாதிரிகளை வைக்கும் பேட்டர்ன் ஸ்டோரில் தீ மூட்டியது, ஃபர்னஸுக்குப் பொறுப்பு மெல்ட்டர், ஆகவே தவறு அவருடையது என்பது உங்கள் அறிக்கையின் கணக்கு. 26 வருடம் உலை முன்னால் நின்ற மனிதர் இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலுக்குப் போகிறார்.

நான் அதே பவுண்டரியில் 31 வருடம் வேலை பார்த்தவன். விபத்து நடந்தபோது மேற்பார்வையாளர். இப்போது ஓய்வில் இருக்கிறேன். அன்றிரவு ஓடியது இரும்பு இல்லை என்று உங்கள் முன்னால் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை, உங்களில் ஒருவர் தன் செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் மூலை ஜன்னலிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கொட்டுகிறது. “அமெரிக்காவுல அவ்வளவு பெரிய பில்டிங்ல இரும்பு உருகி ஊத்துனதை உலகமே பார்த்துச்சு. உங்க ஷெட்டுல உருகாதா?” என்று கேட்டார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எட்டு மாதம் தேடிப் படித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஷெட். அன்று கடைசி ஹீட், அதாவது கடைசியாக உருக்கிய இரும்பு, இரவு 11.40-க்கு ஊற்றி முடிந்தது. மிச்சத்தை அச்சில் கொட்டி, ஃபர்னஸைக் காலி செய்து, பேனலை அணைத்ததாக ஹீட் புத்தகத்தில் மெல்ட்டரின் கையெழுத்து இருக்கிறது. தீ கண்ணில் பட்டது 2.15-க்கு. ஃபர்னஸுக்குக் கீழே ஒரு குழி உண்டு. உலையின் உட்பூச்சான லைனிங் ஓட்டையாகி இரும்பு கசிந்தால் அதில்தான் விழும். அந்தக் குழியில் காய்ந்த மணலைத் தவிர ஒன்றும் இல்லை. ஃபர்னஸுக்கும் பேட்டர்ன் ஸ்டோருக்கும் நடுவே 40 அடி மணல் தரை. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1,150 டிகிரிக்கு வந்துவிட்டால் உறைந்துவிடும். உருகிய இரும்பை எடுத்துப்போகும் லேடிலில் கொஞ்சம் தாமதித்தாலே விளிம்பில் ஓடு கட்டுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். அது 40 அடி மணலைக் கடந்து, கதவுக்கு அடியில் நுழைந்து, தீயும் வைத்துவிட்டு, மறுபக்கம் வாய்க்காலில் போய் இறங்கியது என்றால், போன வழியெல்லாம் பாளம் கிடந்திருக்க வேண்டும். ஒரு துளி கிடையாது.

பேட்டர்ன் ஸ்டோருக்குள் என்ன இருந்தது என்று உங்கள் அறிக்கையில் எங்குமே இல்லை. மர அலமாரிகள். மர பேட்டர்ன்கள். அலமாரி நிறைய அலுமினிய மேட்ச் பிளேட்டுகள், அதாவது மாதிரி வடிவம் பதித்த தகடுகள், இருபது வருடச் சேகரம். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். வார்ப்புக்குப் பயன்படும் கலவைகள் அதற்கும் முன்பே. காய்ந்த மரம் அடைத்த அறைக்குள் நின்று எரிந்தால் 800, 900 டிகிரி பெரிய விஷயமில்லை. அதாவது அந்த அறையில் அலுமினியம் உருகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இனி சாட்சிகள். வாட்ச்மேன் பெரியவரிடம் நீங்கள் வாக்குமூலம் வாங்கியபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

“என்ன ஓடுச்சு?”

“சிவப்பா, பாகாட்ட ஓடி வந்துச்சுங்க.”

“இரும்பா?”

“பவுண்டரிங்களே, இரும்பாத்தானுங்க இருக்கும்.”

தட்டச்சில் அது ‘உருகிய இரும்புக் குழம்பு வெளியேறியதைக் கண்டேன்’ என்று ஆகிவிட்டது. பெரியவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சரியாகச் சொன்னார்: சிவப்பு, பாகு போன்ற கொழகொழப்பு, ஓட்டம். ‘இரும்பு’ என்ற சொல் உங்கள் கேள்வியில் இருந்தது. தீயணைப்பு வண்டியில் வந்த பையன் ‘உருகுன மெட்டல்’ என்றான், அதுவும் இரும்பாயிற்று. பக்கத்து லேத் பட்டறைக்காரர் ‘வெல்டிங் வெளிச்சமாட்ட இருந்துச்சு’ என்றார், அதுவும் இரும்பாயிற்று. மூன்று பேர் கண்ட மூன்று காட்சிகளுக்கு ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, மூன்று சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நம் பேச்சில் உலோகங்களின் பெயர் எப்படிப் புழங்குகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் அம்மா சோறு வடித்த அலுமினியச் சட்டிக்கு எங்கள் வீட்டில் பெயர் ஈயச்சட்டி. ரசம் வைக்கும் வெள்ளீயச் சொம்பும் ஈயச்சொம்புதான். பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும் ஈயம், பழைய பேட்டரியை உடைத்து எடுக்கும் காரீயமும் ஈயம். அலுமினியம், வெள்ளீயம், காரீயம் மூன்றுக்கும் ஒரே பெயர். கூரைக்குப் போடும் இரும்புத் தகட்டுக்கோ தகரம் என்று பெயர். வீட்டுக்கு இது போதும். ஒரு மனிதரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் வாக்குமூலத்துக்குப் போதாது. எழுதிக்கொள்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அறிக்கை ‘செந்நிறமாக இருந்ததால் இரும்பு’ என்ற இடத்தில் நிற்கிறது. சூடான பொருளின் நிறம் அதன் சூட்டைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. இருட்டில் 500 டிகிரியைத் தாண்டினால் எந்தத் திடப்பொருளும் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். 900, 1,000 என்று போனால் ஆரஞ்சு. அதற்கும் மேலே மஞ்சள், பிறகு வெள்ளை. நாங்கள் இரும்பை ஊற்றுவது 1,350 டிகிரிக்கு மேலே. அந்தச் சூட்டில் அது சிவப்பாக இருக்காது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கண்ணைக் கூசும், பொறி பறக்கும், ஈரத் தரையில் பட்டால் வெடித்துத் தெறிக்கும். பெரியவர் சிவப்பு என்றுதான் சொன்னார். தெறித்தது என்று யாருமே சொல்லவில்லை. உங்கள் சாட்சிகள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலே அது இரும்புக்கு எதிரான சாட்சியம்.

அலுமினியம் இன்னும் ஏமாற்றும். பகலில் ஊற்றினால் பால்போல வெள்ளியாக ஓடும், சூடு இருப்பதே தெரியாது. புதிதாக வந்த பையன்கள் இதில்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். தன் ஒளியைக் குறைவாக விட்டு, வெளி ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும் உலோகம் அது. ஆனால் அதன்மேல் மிதக்கும் கசடு வேறு. அலுமினியம் உருக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே கசடு ஆரஞ்சாகக் கனன்றுகொண்டிருக்கும், கரண்டியால் விலக்கினால் கீழே வெள்ளி மின்னும். எரிந்த மரக்கரியோடும் சாம்பலோடும் நள்ளிரவில் அது ஓடி வந்தால், பார்ப்பவருக்குச் சிவப்புப் பாகுதான்.

இனி, நீங்கள் காட்டிய வீடியோ.

2001 செப்டம்பர் 11 அன்று காலை 9.52-ஐ ஒட்டி, தெற்குக் கோபுரத்தின் 80-வது மாடியில், வடக்கு முகத்தின் கிழக்கு மூலைக்கு அருகில் உள்ள ஒரு ஜன்னலிலிருந்து ஒளிரும் திரவம் கொட்டத் தொடங்கியது. விட்டுவிட்டுக் கொட்டியது. ஏழு நிமிடத்தில், 9.59-க்கு, கோபுரமே விழுந்தது. விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட், அதை இரும்பு என்று சொல்லவில்லை. மோதிய போயிங் 767 விமானத்தின் அலுமினியக் கலவைகள் அந்த மூலையில் குவிந்து உருகியிருக்க வேண்டும். அவை 475 முதல் 640 டிகிரிக்குள் உருகுபவை. எரிந்த மேசை, கம்பளம், கம்ப்யூட்டர் எச்சங்கள் கலந்ததால் ஆரஞ்சாகத் தெரிந்திருக்கும் என்பது அதன் விளக்கம். இதை ஏற்காதவர்கள் உண்டு. அலுமினியத்தை உருக்கி மரத்தூளைக் கலந்து ஊற்றி, வெள்ளியாகத்தான் ஓடுகிறது என்று காட்டியவர்களும் உண்டு. இரு தரப்பும் பேசுவது வீடியோவில் தெரியும் நிறத்தை வைத்துத்தான். நீங்கள் உலகமே பார்த்தது என்றீர்கள். உண்மை, உலகமே பார்த்தது, அப்படிப் பார்த்த பிறகும் அது என்ன பொருள் என்ற வாதம் ஓயவில்லை.

கோபுரங்கள் விழுந்த பிறகு, சிதைவுக்குள் தீ டிசம்பர் வரை அணையவில்லை. அங்கே வேலை செய்த தீயணைப்பு வீரர்கள், பொறியாளர்கள், கிரேன் ஆட்கள் பலர் உருகிய எஃகைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து மாதக்கணக்கில் அந்தப் புகையில் நின்றவர்கள். அவர்கள் சொல்லை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சிவந்து கிடந்த உத்தரத்தைப் பார்த்தார்களா, ஓடிய திரவத்தைப் பார்த்தார்களா? கொல்லுப்பட்டறையில் சிவக்கக் காய்ச்சிய இரும்பு வளையும், நீளும், உருகாது. கட்டட எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். 600 டிகிரியிலேயே பலம் பாதியாகிவிடும். சிவந்து தொங்கும் உத்தரத்தைக் களைத்த மனிதர் ‘உருகிப்போச்சு’ என்றுதான் சொல்வார், நாமும் அப்படித்தான் சொல்வோம். செப்டம்பர் 16-ஆம் தேதி விமானத்திலிருந்து வெப்ப அளவீடு செய்தபோது, குவியலின் மேற்பரப்பில் 700 டிகிரியைத் தாண்டிய இடங்கள் தெரிந்தன. அலுமினியத்துக்கும், காரீயத்துக்கும், கண்ணாடி இளகுவதற்கும் அந்தச் சூடு தாராளம்.

அந்தச் சிதைவிலிருந்து எடுத்த ஒரு பெரிய பாளத்தை நினைவு அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பல மாடிகள் நசுங்கி ஒன்றாக ஒட்டியது. உருகிய எஃகும் கான்கிரீட்டும் கலந்தது என்று அதைப் பலரும் விவரித்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதில் கருகிய காகிதத் துண்டுகள் இருக்கின்றன, அச்செழுத்துகூடப் படிக்க முடிகிறது. எஃகு உருகும் சூட்டில் காகிதம் நிற்குமா? இதைத்தான் எங்கள் ஷெட்டிலும் யாராவது பக்கத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

சாட்சிகள் பக்கம் இன்னொரு செய்தியும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். கோபுரங்களுக்குப் பக்கத்தில் நின்று அன்றே விழுந்த 7-ஆம் எண் கட்டடத்தின் ஓர் எஃகு உத்தரத்தை ஊஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மூவர் சோதித்தார்கள். எஃகு சில இடங்களில் ஓட்டை விழும் அளவுக்கு அரிக்கப்பட்டிருந்தது. கந்தகமும் ஆக்சிஜனும் இரும்போடு சேர்ந்து, 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே ஒரு திரவக் கலவை உண்டாகியிருந்தது. பட்டறையில் இரும்போடு இரும்பை ஒட்டும் வேலைக்கு அதை ஒப்பிட்டிருந்தார்கள். அதாவது, 1,500 டிகிரி இல்லாமலே இரும்பின் ஓரம் கரைந்து ஓடியதுபோலத் தோன்ற வாய்ப்பு உண்டு. இது கண்ணால் பார்த்து யாருக்கும் தெரிந்ததல்ல. துண்டை அறுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது.

அந்த மாதிரித் துண்டுகள் எத்தனை காப்பாற்றப்பட்டன? சுமார் 2 லட்சம் டன் எஃகு கொண்ட கோபுரங்களின் விசாரணைக்கு நிஸ்ட் கையில் கிடைத்தவை 236 துண்டுகள். மற்றதில் பெரும்பகுதி பழைய இரும்பாக விற்றுப்போயிற்று. 2002 தொடக்கத்தில் அதில் ஒரு கப்பல் சுமை நம் சென்னைத் துறைமுகத்திலேயே வந்து இறங்கியது. நச்சுப் பொருள் இருக்கும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கிராப் எங்கிருந்து வந்தது என்று எங்கள் தொழிலில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. உலையில் விழுந்த பிறகு கேட்டும் பயனில்லை. சிதைவில் கிடந்த எஃகு உருகியிருந்ததா என்பது, கோபுரம் நின்றபோது இருந்த நிலையைக் காட்டாது, ஆகவே விசாரணைக்குத் தொடர்பில்லாதது என்று 2006-இல் நிஸ்ட் பதில் சொன்னது. தர்க்கப்படி அது சரிதான். ஆனால் சாட்சி சொன்னவர்களை உட்காரவைத்து, எதைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில், எந்த நிறத்தில் என்று கேட்டு, அந்தப் பொருளையும் எடுத்துச் சோதித்திருந்தால், இத்தனை வருடச் சந்தேகத்துக்குப் பாதி இடம் இருந்திருக்காது. அவ்வளவு பெரிய நாடு செய்த அதே தவறை நீங்கள் ஒரு சின்ன ஷெட்டில் செய்திருக்கிறீர்கள். அங்கே சாட்சியைக் கேட்காமல் விட்டார்கள், நீங்கள் சாட்சியின் வாயில் சொல்லை வைத்தீர்கள். பொருளை விட்டுவிட்டது இரண்டு இடத்திலும் ஒன்று.

சாட்சிகளை நம்பவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பல் இரண்டாக உடைந்தது என்று பிழைத்தவர்கள் சிலர் சொன்னார்கள். விசாரணைகள் அதை ஏற்கவில்லை, முழுசாக மூழ்கியது என்று எழுதின. 1985-இல் கடலடியில் கண்டுபிடித்தபோது கப்பல் இரண்டு துண்டாகத்தான் கிடந்தது. உடைந்தது, விழுந்தது, ஓடியது, எந்தப் பக்கம் வந்தது என்பதையெல்லாம் மனிதக் கண் நன்றாகவே பிடிக்கும். எங்கள் வாட்ச்மேனும் அதைத்தான் பிடித்தார்: பேட்டர்ன் ஸ்டோர் கதவுக்கு அடியிலிருந்து வந்தது என்று தெளிவாகச் சொன்னார். ஃபர்னஸ் பக்கமிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அவர் நிச்சயமாகச் சொன்னதை விட்டுவிட்டு, அனுமானமாகச் சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் காலை வாய்க்காலில் கிடந்ததை நான் பார்த்தேன். அச்சு வெல்லம் அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் சாம்பல் நிறப் பாளங்கள். அதில் பெரிய பாளம் இரும்பென்றால் இரண்டு கையும் வேண்டும்; நான் ஒரு கையில் தூக்கினேன். அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் ஆட்களிடம் சொன்னேன், ஒரு காந்தம் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள், இரும்பென்றால் பொறி பறக்கும் என்று. பிறகு பார்க்கலாம் என்றார்கள். நான்காம் நாள் பாளமெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. நான் எடுத்து வைத்திருந்த ஒரு துண்டை விசாரணையில் நீட்டியபோது, இது அங்கே கிடந்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆதாரத்தோடு எடுத்து வைத்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆனால் ஒன்று இன்னும் போகவில்லை. வாய்க்கால் வாயில் வார்ப்பிரும்புக் கம்பி மூடி ஒன்று இருக்கிறது. ஓடி வந்த உலோகம் அதன் கம்பிகளைச் சுற்றி உறைந்து நிற்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். கம்பிகள் ஒன்றுகூட இளகவில்லை, வளையவில்லை. மேலே வெள்ளைத் தோலாக இருப்பதை ஓர் ஓரத்தில் நகத்தால் நெம்பினால் அசைகிறது. உருகிய இரும்பு அந்த மூடியின்மேல் விழுந்திருந்தால் கம்பியோடு கடித்துப் பிடித்திருக்கும்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். அந்த மூடியைச் சாட்சிகள் முன்னிலையில் பெயர்த்து, அரசு ஆய்வகத்துக்கு அனுப்பி, உலோகம் எது என்று எழுத்தில் வாங்குங்கள். அது அலுமினியம் என்று வந்தால், அறிக்கையிலிருந்து ‘உருகிய இரும்பு’ என்ற வரியையும், மெல்ட்டரின் பெயருக்கு எதிரே எழுதியதையும் நீக்கி, அதன் நகலை நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். மூன்று சாட்சிகளையும் மறுபடி அழைத்து, பொருளின் பெயரை நீங்கள் சொல்லாமல், நிறம், வெளிச்சம், ஓட்டம், வந்த திசை, நின்ற தூரம் ஆகியவற்றை மட்டும் கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். இனி எந்தத் தீ விபத்திலும் உறைந்த உலோகத்தில் ஒரு துண்டாவது இடம், தேதி, போட்டோவோடு முத்திரையிட்டு எடுக்காமல் குப்பையை அள்ள அனுமதி கொடுக்காதீர்கள். சோதிக்காத பொருளுக்கு அறிக்கையில் பெயர் போடாதீர்கள். ‘ஒளிரும் திரவம்’ என்று எழுதினால் போதும்.

பங்குனி முடிவதற்குள் அந்த ஷெட்டை இடிக்கப்போகிறார்கள். மூடியும் ஸ்கிராப்போடு போய்விடும். அதற்கு முன் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். உளியும் சுத்தியலும் நான் கொண்டு வருகிறேன், வாட்ச்மேன் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர்த்ததை உறையில் போட்டு முத்திரை வைக்க நீங்கள் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பவுண்டரி மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்